பெண் வீட்டு பஸ்ஸில் ஒரு கால்பந்து அணி

என் கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் பந்தாட்டக்காரர்களைத்தான் சொல்வார்கள். உறவுக்காரர்கள் எல்லாம் அப்புறம்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். எனக்கே அப்படித்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. எங்கள் ஊர் திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பாவுக்கு நெல்லும் வேர்க்கடலையும். நான் செங்கல்பட்டுக்கு பஸ்ஸில் போய்வந்து காலேஜ் முடித்தவள். மாப்பிள்ளை வீட்டார் ஊரப்பாக்கத்தில் சொந்த வீடு கட்டிக் குடிவந்த உத்தியோகக் குடும்பம். மாப்பிள்ளைக்குச் சென்னையில் ஆபீஸ் வேலை. அவர்களுடைய ஆபீஸ் சிநேகிதர்கள் வந்துபோக வசதியாக இருக்கட்டும் என்று புரசைவாக்கத்தில் மண்டபம் பிடித்திருந்தார்கள். விடியற்காலையில் முகூர்த்தம். முந்தின நாள் சாயங்காலமே தட்டு மாற்றி நிச்சயம் செய்துவிட்டு, அதே மேடையில் ரிசப்ஷன்.

அதற்காக மத்தியானம் சாப்பிட்ட கையோடு பெண் வீட்டு பஸ் கிளம்பியது. முன்கண்ணாடியில் மணமக்கள் பேர் எழுதிய காகிதம், இரண்டு பக்கமும் மாவிலைக் கொத்து. உள்ளே ஊரே உட்கார்ந்திருந்தது. சீர் தட்டுகளை வைக்க இடமில்லாமல் ஆளுக்கொன்றாக மடியில் வைத்திருந்தார்கள். எனக்கு முன்சீட்டு. ஜடைக்குப் பூ தைத்திருந்ததால் சாயக் கூடாது. சாய்ந்தால் பூ நசுங்கும் என்று அம்மா சொல்லியிருந்தாள். யாரிடமும் அதிகம் பேசவும் கூடாது என்றும் சொல்லியிருந்தாள். கல்யாணப் பெண் நிமிர்ந்து உட்கார வேண்டும், தலையைக் குனிந்திருக்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. மூன்றையும் சேர்த்துச் செய்துபார்த்தால்தான் கஷ்டம் தெரியும்.

செங்கல்பட்டு வழியாகப் போவதுதான் வழக்கம். ஆனால் ஜிஎஸ்டி ரோட்டில் லாரிப் புகைக்கு அம்மாவுக்கு வாந்தி வந்துவிடும். அதனால் கடற்கரை ரோட்டில் காற்றோட்டமாகப் போகலாம் என்று மாமா முடிவு செய்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி, என் தாய்மாமன். இரண்டு லாரி வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் குடும்பத்தில் எந்த வண்டி எந்த வழியில் போக வேண்டும் என்பதை அவர்தான் சொல்வார். அன்றைக்கும் பஸ்ஸுக்குள் உட்காராமல் படிக்கட்டில் நின்றபடி டிரைவருக்கு ரோடு சொல்லிக்கொண்டு வந்தார். ரோடு நேராகத்தான் போனது.

கோவளம் தாண்டியதும் டிரைவர் பிரேக் அடித்தார். ரோட்டின் நடுவில் தொப்பி போட்ட குள்ளமான பெரியவர் ஒருவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். கழுத்தில் விசில். ஓரத்தில் ஒரு பஸ் மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு புகைந்தது. சவுக்கு மர நிழலில் ஒரே மாதிரி நீலப் பேன்ட் போட்ட இளைஞர்கள் பைகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் மட்டும் பந்தைத் தரையில் விடாமல் காலாலேயே தட்டிக்கொண்டிருந்தான்.

மாமா குதித்து இறங்கினார். நேராகப் போய் அந்த பஸ்ஸின் இன்ஜினைக் குனிந்து பார்த்தார், முகர்ந்தார், ஒரு குழாயைத் தொட்டுவிட்டு விரலை உதறினார். பிறகு பெரியவரிடம் வந்து தமிழில் ஏதோ சொன்னார். அவர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதன் பிறகு மாமா என் ஜன்னலுக்குக் கீழே வந்தார்.

"பாப்பா, நீ காலேஜு படிச்சவதானே. இன்னா கேக்கறாருன்னு கேளு."

அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். மாமா சொன்னால் நான் மறுப்பதில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கேட்டேன். பெரியவர் மூச்சு விடாமல் சொன்னார். அவர் ஒரு கோவா கிளப்பின் கோச். பட்டணத்துச் சத்தம் வேண்டாம் என்று ஒரு வாரமாகப் பையன்களை மாமல்லபுரத்துப் பக்கம் கடலோரம் தங்கவைத்திருந்தார். இன்றைக்குச் சாயங்காலம் ஃபைனல், கொல்கத்தா கிளப்போடு. பஸ் படுத்துவிட்டது. வேறு வண்டி பிடித்து வருகிறேன் என்று போன மேனேஜரைக் காணவில்லை. வந்த டவுன் பஸ்ஸில் எல்லாம் நிற்கக்கூட இடமில்லை. கடைசியில் அவர் ப்ளீஸ் என்றார். வயசான மனிதர் என்னைப் பார்த்து அப்படிச் சொன்னது எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

"எந்த ஊரு பைனலு?" என்று மாமா கேட்டார்.

"இந்தியாவுக்கே பைனலாம் மாமா."

மாமா அந்தப் பையன்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அப்பா இறங்கி வந்தார். நாலு மாசமாகக் கல்யாண வேலையில் ஓடி ஓடிக் கன்னம் ஒட்டிப்போயிருந்தது அவருக்கு. சம்பந்தி வீட்டார் வாசலில் காத்துக்கொண்டிருப்பார்கள், நம் ஆட்களுக்கே சீட் போதவில்லை, நேரம் தப்பினால் முதல் நாளே பேச்சு வந்துவிடும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். என் அப்பா கஷ்டமாக இருக்கும் என்கிறார் என்று நான் அதைக் கோச்சிடம் சுருக்கிச் சொன்னேன். அந்தப் பக்கத்து டிரைவருக்கு இன்ஜினில் தண்ணி ஊற்றக்கூடத் தெரியவில்லை, இவனையெல்லாம் யார் வண்டியில் ஏற்றினது என்று மாமா கத்தினார். இன்ஜினுக்கு உடம்பு மிகவும் சரியில்லை என்று என் மாமா சொல்கிறார் என்றேன். நீலப் பேன்ட் கூட்டத்தில் ரொம்ப உயரமான ஒருவன் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தான். ஏன் என்று அப்போது புரியவில்லை.

மாமா அப்பாவின் தோளில் கையைப் போட்டு, "கல்யாண பஸ்ஸு மச்சான் இது. வழியில நிக்கறவன பாத்துகினே வுட்டுட்டு போனா நல்லாவா கீது?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் அவர்கள் பக்கம் திரும்பிக் கையை ஆட்டினார். ஏறச் சொல்லும் கைக்கு இங்கிலீஷ் தேவைப்படவில்லை.

அதுவரை பஸ் நிறைந்திருக்கிறது என்றுதான் நினைத்திருந்தோம். அவர்கள் ஏறிய பிறகுதான் நிறைவது என்றால் என்னவென்று தெரிந்தது. குழந்தைகள் எல்லாம் மடிக்கு மடி மாறினார்கள். ஒரு ஆட்டக்காரன் பழத்தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். இன்னொருவனிடம் என் சித்தி குத்துவிளக்கைக் கொடுத்து, ஆடாமல் பிடிக்கச் சொல்லிச் சைகை காட்டினாள். அவன் அதைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். கோச் படிக்கட்டில் மாமாவோடு நின்றார். அந்த உயரமானவனுக்கு எங்கே நின்றாலும் தலை கூரையில் இடித்தது. கடைசியில் டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் பெட்டி மேல், முழங்காலை மடக்கி, எனக்கு எதிரே உட்கார்ந்தான். அவன் கோல்கீப்பர் என்று கோச் சொன்னார்.

எனக்குப் பின்சீட்டில் அத்தை, மாமாவின் மனைவி. ஊரில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் வந்தவர்களைப் பற்றி ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வருவாள். பாஷை தெரியாதவர்கள் என்றதும் குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. இவன் கால் உலக்கை மாதிரி இருக்கிறது, அவன் தலைக்கு எண்ணெயே வைத்ததில்லை போலிருக்கிறது, குத்துவிளக்கு வைத்திருக்கிறவன்தான் கொஞ்சம் லட்சணம் என்று எடை போட்டுக்கொண்டு வந்தவள், கோல்கீப்பரிடம் வந்ததும் நின்றாள்.

"இவ்ளோ ஒசரத்துக்கு பொண்ணுக்கு எங்க போவாங்க? கல்யாணம் ஆயிடிச்சா இல்லியான்னு கேளேன் பாப்பா."

நான் கேட்பதற்கு முன்னால் அவனே திரும்பினான். "இன்னும் ஆகலைங்கம்மா. வீட்டுல பாத்துட்டு இருக்காங்க" என்றான்.

கடைசி சீட்டிலிருந்து ஆரம்பித்த சிரிப்பு முன்னால் வந்துசேர்ந்தபோது டிரைவருக்கே ஸ்டியரிங் ஆடியது. அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டவள் திருவான்மியூர் வரும்வரை எடுக்கவில்லை. அவன் பாலக்காட்டுக்காரன். வீட்டில் மலையாளம், தெருவில் தமிழ். அப்படியென்றால் நான் மொழிபெயர்த்ததையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறான். ஏன் முன்னாலேயே பேசவில்லை என்று கேட்டேன். கோச் பேசும்போது நடுவில் யாராவது வாயைத் திறந்தால் அவருக்குக் கோபம் வரும் என்றான். அப்புறம், "நீங்க உங்க மாமா சொன்னதைவிட நல்லாவே சொன்னீங்க" என்றான்.

அத்தை வெட்கம் தீர்ந்ததும் செய்த முதல் காரியம் பலகாரக் கூடையைத் திறந்ததுதான். அதிரசம், முறுக்கு, ரவை லட்டு. அந்தப் பையன்கள் அதைப் பார்த்த பார்வையை நான் சொல்ல வேண்டியதில்லை. கோச் படிக்கட்டிலிருந்தே கையை உயர்த்தித் தடுத்தார். ஆட்டத்துக்கு முன்னால் எண்ணெய்ப் பலகாரம் கூடவே கூடாதாம். கல்யாண வீட்டுப் பலகாரத்தை வேண்டாம் என்கிறவர் என்ன மனிதர் என்று அத்தை கேட்டாள். இந்த முறை நான் மொழிபெயர்க்கவில்லை, கோல்கீப்பர்தான் செய்தான். என்ன சொன்னானோ, கோச் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அத்தையைப் பார்த்துக் கும்பிட்டார். ஆட்டம் முடிந்த பிறகு சாப்பிடுவார்கள் என்று சத்தியம் செய்யாத குறை. அதற்கு மாமா, அப்படியானால் ராத்திரி எல்லோரும் மண்டபத்துக்கே சாப்பிட வந்துவிட வேண்டும் என்று சொல்லி, மண்டபத்தின் பேரையும் தெருவையும் கோல்கீப்பரிடம் இரண்டு தடவை சொல்லவைத்தார். அப்பா மனசுக்குள் இலைக் கணக்குப் போடுவது எனக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

அடையாறு தாண்டியதும் ஆட்டக்காரர்களின் பேச்சு குறைந்துபோனது. ஒவ்வொருவராக ஜன்னல் பக்கம் பார்க்க ஆரம்பித்தார்கள். கோல்கீப்பர் இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் இறுக்கி வைத்திருந்தான். நானும் மடியில் அப்படித்தான் வைத்திருந்தேன். நான் பார்த்ததை அவனும் பார்த்துவிட்டான்.

பயமா என்று மெதுவாகக் கேட்டேன்.

"எப்பவும் இருக்குங்க. முதல் பந்து கைக்கு வர்ற வரைக்கும்தான். ஒண்ணு வந்து கையில பட்டுட்டா அப்புறம் வேற எதுவும் ஞாபகம் இருக்காது."

மாப்பிள்ளையைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டான். பெண் பார்க்க வந்தபோது ஒரே ஒரு தடவை, அதுவும் காபி டம்ளருக்கு மேல் அவர் நெற்றியை மட்டும்தான் சரியாகப் பார்த்தேன் என்றேன். அவன் சிரித்தான். அதற்குள் அம்மா என் தோளைத் தட்டிவிட்டாள்.

ஸ்டேடியம் சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பின்பக்கம். மண்டபத்துக்குப் போகிற வழிதான். வாசலில் போலீஸ்காரர் மாவிலை கட்டின பஸ்ஸைப் பார்த்து விசில் அடித்து, கல்யாண மண்டபம் இது இல்லை என்று திருப்பி அனுப்பப் பார்த்தார். ஜன்னல் வழியாக நீலப் பேன்ட்டுகள் தெரிந்ததும் சங்கிலியை எடுத்துவிட்டார். ஆட்டக்காரர்கள் இறங்கினார்கள். குத்துவிளக்குக்காரன் விளக்கைச் சித்தியிடம் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினான். கோச் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, ஆட்டம் பார்க்க ஒரு கத்தை பாஸை எடுத்து மாமாவின் சட்டைப் பையில் திணித்தார்.

பைகளை இறக்கிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று மாமா போனார். அவருக்கு உதவியாக ஊர்ப் பையன்கள் போனார்கள். அவர்களைத் தேடிக்கொண்டு பெரியப்பாவும் இன்னும் சிலரும் போனார்கள். உள்ளே பெரிய இரைச்சல் ஒன்று எழுந்து அடங்கியது. கடைசியில் அப்பா, ஒரே நிமிஷத்தில் எல்லோரையும் இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு இறங்கினார்.

காத்திருந்தோம். போலீஸ்காரர் வந்து வண்டியை எடுக்கச் சொன்னார். திரும்பவும் வந்து சொன்னார். அம்மா பஸ்ஸைச் சுற்றிப் பார்த்தாள். டிரைவரைத் தவிர ஒரு மீசை இல்லை.

"எடுப்பா வண்டிய" என்றாள்.

இப்படித்தான் என் கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் பெண்களாகவே போய் இறங்கினோம். மண்டப வாசலில் என் மாமியார் ஆரத்தித் தட்டோடு நின்றார். பட்டுப்புடவை, கண்ணாடி, எதையும் ஒழுங்காகச் செய்து பழகிய முகம். எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பஸ் காலியாக இருந்தது. ஆண்கள் யாரும் வரவில்லையா என்று கேட்டார். பின்னால் வருகிறார்கள் என்று அம்மா சொன்னாள். எதில் வருகிறார்கள் என்று அவர் கேட்டபோது அம்மா என் ஜடைப் பூவைச் சரிசெய்ய ஆரம்பித்தாள். ஆரத்தி சுற்றிய கை கொஞ்சம் வேகமாகவே சுற்றியது.

மணமகள் அறையில் எனக்கு வேறு புடவை கட்டினார்கள். வெளியே நாதஸ்வரக்காரர்கள் வாசித்து முடித்து, திரும்ப வாசித்து, காபி குடிக்கப் போனார்கள். தட்டு மாற்றப் பெண்ணின் அப்பா வேண்டும், சபையில் தாய்மாமன் வேண்டும். நல்ல நேரம் ஏழரை வரைக்கும்தான். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொருவராக அறை வாசலில் வந்து, விசாரிப்பது போல எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அப்பா மேல் அப்படி ஒரு கோபம். இத்தனை மாசம் எதற்கெடுத்தாலும் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று பயந்தவர், இன்றைக்குப் போய் இப்படியா?

அப்போது மாப்பிள்ளையே வந்தார். கோட் சூட் போட்டிருந்தார். பக்கத்தில் இருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள். அவர் நேராக என்னிடமே கேட்டார்.

"என்னாச்சு? எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

பின்னால் வருகிறார்கள் என்று அம்மா சொன்னதையே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வந்ததென்னவோ உண்மைதான். கோவளத்தில் நின்ற பஸ், கோச், குத்துவிளக்கு, அத்தை கேட்ட கேள்வி என்று எல்லாவற்றையும் சொன்னேன். முதல் வாக்கியம்தான் கஷ்டமாக இருந்தது. பாதியிலேயே அவர் முகம் மாறிவிட்டது. சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குப் புரிய நேரமாயிற்று. அவர் நெற்றிக்குக் கீழேயும் முகம் நன்றாகத்தான் இருந்தது.

"ஸ்டேடியம் பக்கம்தானே? நானே போய் கூட்டிட்டு வந்துடறேன். அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சிநேகிதர் ஒருவரிடம் இரவல் வாங்கிய ஸ்கூட்டர் கிளம்பிய சத்தம் எனக்குக் கேட்டது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை மண்டபத்தை விட்டு வெளியே போகக் கூடாது. அது அவருக்கும் தெரியும். போனவர் போனவர்தான். கால் மணி, அரை மணி ஆயிற்று. மாமியார் மகனைத் தேடி ஒவ்வொரு அறையாக வந்தார். கடைசியில் என் அறை வாசலில் நின்று, நேராக என்னைப் பார்த்தார். என்னால் மறைக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

அவர் உள்ளே வந்து, அம்மா உட்கார்ந்திருந்த பாயில் பக்கத்திலேயே உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

"உங்க வீட்டு ஆம்பளைங்களாவது பரவாயில்லைங்க" என்று அம்மாவிடம் சொன்னார். "நாளைக்குத் தாலி கட்டப்போறவன் போயிருக்கான்."

அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். மாமியாருக்கும் சிரிப்பு வந்தது. யாரோ காபி கொண்டுவந்தார்கள். இரண்டு பேரும் தங்கள் தங்கள் வீட்டு ஆண்கள் இதற்கு முன்னால் எங்கெங்கே, எப்படியெப்படித் தொலைந்துபோனார்கள் என்று பேச ஆரம்பித்தார்கள். அம்மாவிடம் நிறையவே இருந்தது. மாமியாரிடம் அதைவிட அதிகம். பெண் பார்த்ததிலிருந்து அன்றைக்கு வரை அவர்கள் இருவரும் சீர், மண்டபம், சமையல்காரர் தவிர வேறு எதையும் பேசியதில்லை.

நல்ல நேரம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் எல்லோரும் வந்துசேர்ந்தார்கள். ஆட்டோக்களில் தொங்கிக்கொண்டு மாமாவும் ஊர்க்காரர்களும். ஸ்கூட்டரில் மாப்பிள்ளைக்குப் பின்னால் அப்பா. அப்பாவின் தலை கலைந்து, வேட்டி ஓரமெல்லாம் புழுதி. மாமாவுக்குக் குரலே இல்லை. மாப்பிள்ளை கோட்டைக் கழற்றித் தோளில் போட்டிருந்தார். யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை, நேரமும் இல்லை. அப்படியே மேடையில் உட்காரவைத்துத் தட்டு மாற்றினார்கள். சபைக்கு முன்னால் தாய்மாமனாகச் சொல்ல வேண்டியதை மாமா சைகையில்தான் சொன்னார்.

ரிசப்ஷனுக்கு நின்றுகொண்டிருந்தபோது மாப்பிள்ளை என் காதோரம் ரிசல்ட் சொன்னார். எக்ஸ்ட்ரா டைம் வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. அதன் கடைசி நேரத்தில் கொல்கத்தாக்காரர்கள் ஒன்று போட்டுவிட்டார்கள். கோவா தோற்றுவிட்டது. நான் அதுவரை ஒரு முழு கால்பந்து ஆட்டம் பார்த்ததில்லை. ஆனாலும் அடுத்துப் பரிசு நீட்டியவருக்குக் கும்பிடு போட மறந்துவிட்டேன்.

இனிமேல் எங்கே வரப்போகிறார்கள் என்றுதான் நினைத்தோம். வந்தார்கள். பரிசு மேடை ஏறி, குளித்து, வேறு பஸ் பிடித்து, ஒரே மாதிரி டிராக்சூட்டில் வரிசையாக உள்ளே நுழைந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா அவர்களை மெல்லிசைக் குழு என்று நினைத்து, கச்சேரியை எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று கோச்சைக் கேட்டாராம். ஒருத்தன் முகத்திலும் உயிர் இல்லை. வாக்குக் கொடுத்துவிட்டோமே என்று வந்திருந்தார்கள்.

மாமியார் அவர்களை வாசலிலேயே பார்த்துவிட்டார். பந்தியில் நேராக உட்காரவைத்து, பரிமாறுகிறவர்களை நகர்த்திவிட்டுத் தானே வாளியை எடுத்தார். அந்தப் பக்கம் அத்தை அதிரசத்தோடு வந்தாள். மேடையிலிருந்து பார்க்க எனக்கு நன்றாகத் தெரிந்தது. முதலில் தலையைக் குனிந்துகொண்டு பிசைந்தார்கள். சாம்பாருக்கு நடுவில் யாரோ எதற்கோ சிரித்தார்கள். பாயசம் வரும்போது குத்துவிளக்குக்காரன் இலையை வழித்துக்கொண்டிருந்தான். கோச் பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

மேடைக்கு அவர்கள் மொத்தமாக ஏறினார்கள். கோல்கீப்பர் கடைசியில் வந்தான். மாப்பிள்ளை அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் அவனிடம் முதல் பந்து வந்ததா என்று கேட்டேன்.

"வந்துச்சுங்க. சுத்தமா பிடிச்சேன். நிறைய பிடிச்சேன். அந்த ஒண்ணுதான்..." என்று நிறுத்திவிட்டு, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். அப்புறம் போட்டோக்காரர் எல்லோரையும் நிமிரச் சொன்னார்.

மறுநாள் காலை கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. அதனாலோ என்னவோ, அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை.

மறுவீட்டுக்கு ஊருக்குப் போயிருந்தபோது ஒரு சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் மாமல்லபுரத்துக் கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம். அன்றைக்குக் கூப்பிடப் போன நீங்களும் ஏன் அங்கேயே உட்கார்ந்துவிட்டீர்கள், அவ்வளவு கால்பந்துப் பைத்தியமா என்று கேட்டேன். தனக்குக் கால்பந்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று சொல்லிவிட்டார்.

"உள்ள போய்த் தேடினேன். உங்க அப்பா சீட்டு மேல ஏறி நின்னுட்டு இருந்தாரு. வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு, பக்கத்துல யாருன்னே தெரியாத ஒரு ஆள் தோளப் பிடிச்சுகிட்டு, அந்த கோல்கீப்பர் பேரச் சொல்லிக் கத்திட்டு இருந்தாரு. பொண்ணு பாக்க வந்ததுல இருந்து அவர நான் பாத்தப்ப எல்லாம் எங்க முன்னால கையக் கட்டிட்டுதான் நின்னாரு. அன்னிக்கு அவ்ளோ சந்தோஷமா இருந்த மனுஷன எப்படிக் கூப்பிடறது சொல்லு? சரி, ஆட்டம் முடியட்டும்னு நானும் பக்கத்துலயே நின்னுட்டேன்."

அப்பா மேல் இருந்த கோபம் எப்போது போனது என்று கேட்டால், அந்தச் சாயங்காலத்தைத்தான் சொல்வேன்.

அப்பாவிடம் இதைப் பற்றி நேராகக் கேட்டதே இல்லை. பிறகு ஊரப்பாக்கத்து வீட்டுக்கு வந்து தங்கும்போது, டிவியில் ஏதாவது ஆட்டம் வந்தால் அவருடைய மருமகன் சத்தத்தைக் கூட்டி வைப்பார். அப்பா ஐந்து நிமிஷம் பார்ப்பார். அன்றைக்குப் பார்த்ததுக்கு இதெல்லாம் ஒரு ஆட்டமா என்று எழுந்து, மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போய்விடுவார்.